ஐஸ் பாக்ஸ்ல ஏறுன பொட்டாசியமும் டி செல்லோட கதவும்

டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடிச்சுட்டு சேலத்துல ஒரு சின்ன லேப்ல சேர்ந்த புதுசு. ஏற்காட்டுல எங்களுக்கு ஒரு கலெக்‌ஷன் பாயின்ட் இருந்துச்சு, வாரத்துல ரெண்டு நாள் நான்தான் மேல போய் ரத்தம் எடுத்துட்டு மத்தியானம் பஸ்ஸுல கீழ வரணும். அன்னைக்கு ஒரு பாட்டி, காபி எஸ்டேட்ல பழம் பறிக்கிற வேலை, சுகர், கிட்னி டெஸ்ட், எலக்ட்ரோலைட்ஸ் (சோடியம், பொட்டாசியம் அளவு) எல்லாம் எழுதியிருந்தாங்க. எடுத்தேன். வெயில்ல கெட்டுப்போயிடக் கூடாதேன்னு ரொம்ப பொறுப்பா ஐஸ் பாக்ஸுக்குள்ள ஐஸ் ஜெல்லை ஒட்டியே ட்யூபை சொருகி வச்சேன், பாத்தா மலைப்பாதையில ஒரு லாரி ரிப்பேராகி குறுக்க நின்னுடுச்சு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி லேப் வந்து சேர அஞ்சு மணி நேரம் ஆயிடுச்சு. மெஷின்ல போட்டா பொட்டாசியம் 6.8.

நார்மல் 3.5ல இருந்து 5. 6.8னா இதயத்துடிப்பே தாறுமாறா போற அளவு. பயந்துபோய் டாக்டருக்கு போன் போட்டேன். அவர் ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு, "ஏம்மா, அந்தம்மா என் முன்னாடி உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்காங்க, ஈசிஜி சுத்தமா இருக்கு, நீ மறுபடி எடு"ன்னுட்டார். மறுபடி எடுத்தா 4.2.

முதல்ல நான் ரத்தம் உடைஞ்சிருக்கும்னு நெனச்சேன். சிவப்பணு உடைஞ்சா சீரம் ரோஸ் கலர்ல வரும், உள்ள இருக்க பொட்டாசியம் கொட்டும், ரிப்போர்ட் ஏறும், இது எல்லா டெக்னீஷியனுக்கும் தெரிஞ்ச விஷயம். ஆனா அந்த சீரம் நல்ல வைக்கோல் கலர்ல சுத்தமா இருந்துச்சு. எங்க சீனியர் அக்கா ட்யூபை ஒரு தடவ தூக்கிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "ஐஸ்ல வச்சியா?"

செல்லு உடையவே இல்ல. ஆனா உள்ள இருந்தது வெளிய வந்திருக்கு. எப்படின்னு அக்கா சொன்னதுல இருந்துதான் எனக்கு அயன் சேனல்னா என்னன்னே புரிஞ்சுது, அதுக்கப்பறம் தேடித்தேடி படிச்சதுல நம்ம நோய் எதிர்ப்பு செல்லுங்க சண்டைக்கு எறங்குறதே இந்த சேனலை வச்சுதான்னு தெரிஞ்சுது. ஸ்கூல் புக்ல அயனின்னு படிச்சிருப்பீங்க, மின்சுமை இருக்க அணு, அவ்ளோதான். சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு.

செல்லைச் சுத்தி ஒரு கொழுப்புப் படலம் இருக்கு, எண்ணெய் மாதிரி. மின்சுமை இருக்க எதுவும் அதுக்குள்ள தானா நுழையாது. அதனால படலத்துல ரெண்டு விதமான புரதம் செருகியிருக்கும். ஒண்ணு பம்ப். இது மோட்டார் மாதிரி, கரன்ட் செலவு பண்ணி மேட்டுக்கு தண்ணி ஏத்துற வேலை. மூணு சோடியத்தை வெளிய தள்ளி ரெண்டு பொட்டாசியத்தை உள்ள இழுக்கும், நாள் முழுக்க இதே வேலை. இதனாலதான் பெரும்பாலான செல்லுக்குள்ள பொட்டாசியம் 140க்கு பக்கத்துல இருக்கு, வெளிய ரத்தத்துல 4தான். இன்னொண்ணு சேனல். இது மோட்டார் இல்ல, வெறும் மதகு. தொறந்தா எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அங்கிருந்து கம்மியான பக்கம் ஓடும், செலவே கிடையாது. ஆனா வேகம் பயங்கரம், ஒரு பொட்டாசியம் சேனல் தொறந்திருந்தா ஒரு செகண்டுக்கு கோடிக்கணக்குல அயன் போகும்.

ஐஸ்ல வச்சா பம்ப் நின்னுடும், கசிவு நிக்காது. பாட்டியோட ட்யூப்ல நடந்தது இதுதான், மோட்டார் ஆஃப் ஆன வீட்டு டேங்க் ஒழுகி ஒழுகி காலியாகுற மாதிரி.

சேனல்ல இன்னொரு ஆச்சரியம், அது ஆளு பாத்துதான் விடும். பொட்டாசியம் சேனல் வழியா பொட்டாசியம் போகும், அதைவிட சின்னதா இருக்க சோடியம் போகாது. பெருசு போற கதவுல சின்னது ஏன் போகாதுன்னு எனக்கு ரொம்ப நாள் குழப்பம். அயன் தனியா இருக்காது, சுத்தி தண்ணி மூலக்கூறு ஒட்டியிருக்கும், உள்ள நுழையணும்னா அந்தத் தண்ணிய உதறணும், உதறுறதுக்கு ஈடா சேனல் சுவர்ல இருக்க ஆக்ஸிஜன் அணுக்கள் சரியான தூரத்துல நின்னு புடிச்சுக்கணும். பொட்டாசியத்துக்கு அந்த அளவு கச்சிதம், சோடியம் சின்னதா போனதால பிடிமானம் கிடைக்காது, அதனால தண்ணிய விடாது. இதைப் படம் புடிச்சுக் காட்டுன ராட்ரிக் மெக்கின்னனுக்கு 2003ல கெமிஸ்ட்ரி நோபல் குடுத்தாங்க.

இதெல்லாம் நரம்புக்கும் இதயத்துக்கும் உள்ள சமாச்சாரம்னுதான் ரொம்ப காலம் நெனச்சிட்டு இருந்தாங்க. நரம்புல கரன்ட் ஓடும், சரி. ரத்தத்துல மிதக்குற வெள்ளணுவுக்கு எதுக்கு வோல்டேஜ்? எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் கண்டுபுடிச்ச பேட்ச் கிளாம்ப்னு ஒரு முறை இருக்கு, மெல்லிசான கண்ணாடிக் குழாயை ஒரு செல்லு மேல ஒட்ட வச்சு அதுல ஓடுற கரன்ட்டை அளக்குறது, 1991 நோபல் அதுக்குத்தான். அந்தக் குழாயை 1984ல டி செல்ங்கற ஒரு வகை வெள்ளணு மேல வச்சுப் பாத்தா, நரம்புல இருக்க மாதிரியே வோல்டேஜுக்குத் தொறக்குற பொட்டாசியம் சேனல் இருந்துச்சு. அதைத்தான் இப்ப கேவி 1.3ன்னு சொல்றாங்க. அதுக்கு அப்பறம் வருவோம், முதல்ல கால்சியம்.

ரத்தத்தை ஸ்லைடுல தேச்சு லீஷ்மன் ஸ்டெயின்னு ஒரு சாயம் போட்டு ஆயில் லென்ஸ்ல பாத்தா, லிம்போசைட்டுங்கற வெள்ளணு ஒரு திராட்சை மாதிரி தெரியும், முழுக்க ஊதா நிற நியூக்ளியஸ், சுத்தி நகத்துல வெட்டுன மாதிரி ஒரு மெல்லிசு நீல ஓரம், அவ்ளோதான் அதோட மொத்த உடம்பு. டி செல்லும் இதுல ஒண்ணு. ஸ்லைடுல எந்த டி செல் சும்மா இருக்கு எது சண்டைக்குத் தயாராகுதுன்னு பெருசா கண்டுபுடிக்க முடியாது, நடக்குறதெல்லாம் அந்த மெல்லிசு ஓரத்துக்குள்ள.

சும்மா இருக்க டி செல்லுக்குள்ள கால்சியம் அநியாயத்துக்கு கம்மி. வெளிய இருக்கறதுல பத்தாயிரத்துல ஒரு பங்குதான். ஏன் இவ்ளோ கம்மியா வச்சிருக்குன்னா, செல்லுக்குள்ள பாஸ்பேட் நெறைய இருக்கு, கால்சியம் ஏறுனா ரெண்டும் சேர்ந்து கெட்டியாயிடும், நம்ம ஊரு போர் தண்ணிய காய்ச்சுன பாத்திரத்துல வெள்ளையா படியுமே அந்த மாதிரி. இன்னொரு லாபமும் இருக்கு. எங்கயும் சத்தமே இல்லாத வீட்டுல ஒரு ஸ்பூன் விழுந்தாலும் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க இல்ல, அந்த மாதிரி உள்ள கால்சியம் கொஞ்சம் ஏறுனாலே செல்லுக்கு அது பெரிய செய்தி.

இப்ப ஒரு வைரஸ் துண்டை இன்னொரு செல் புடிச்சுட்டு வந்து டி செல்லுகிட்ட காட்டுதுன்னு வைங்க. டி செல்லோட ரிசெப்டார் அதை அடையாளம் கண்டுக்கும். பாடத்துல பெரும்பாலும் இங்கயே முடிச்சுடுவாங்க, டி செல் அடையாளம் கண்டது, ஆக்டிவேட் ஆனது, அடுத்த பாடம். எனக்கு இதுலதான் வருத்தம். அடையாளம் கண்டுக்கறதுங்கறது கதவைத் தட்டுறது மட்டும்தான், உள்ள இருக்கவங்க எந்திரிச்சு வந்தாத்தானே கதை நடக்கும்.

தட்டுனதும் உள்ள ஐபி3ன்னு ஒரு சின்ன மூலக்கூறு உருவாகும், அது செல்லுக்குள்ளயே இருக்க ஒரு கால்சியம் சேமிப்பு அறையத் தொறந்து விடும். அந்த அறைக்கு பேரு எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், நான் இனிமே டேங்க்னே சொல்றேன். டேங்க்ல இருக்க கால்சியம் வெளிய கொட்டும். ஆனா டேங்க் சின்னது, சில நிமிஷத்துல தீந்துடும். டி செல்லுக்கு சில நிமிஷம் பத்தாது, மணிக்கணக்குல கால்சியம் மேலயே நிக்கணும். என்ன பண்ணும்?

சேலத்துக்காரங்களுக்கு இது சொல்லவே வேணாம். மேட்டூர் தண்ணி வர்ற நாள்ல தெருக் குழாய்ல பிரஷர் இருக்கு, நம்ம வீட்டு தொட்டியில ஃப்ளோட் வால்வு இருக்கு. தொட்டி நெறஞ்சிருந்தா மிதவை மேல நிக்கும், வால்வு மூடியிருக்கும். தொட்டி காலியாச்சுன்னா மிதவை எறங்கும், வால்வு தொறக்கும், தெருத் தண்ணி உள்ள வரும். யாரும் போய்த் தொறக்க வேணாம், காலியாறதே சிக்னல். டி செல்லுலயும் அதேதான். டேங்க் சுவத்துல ஸ்டிம் 1ன்னு ஒரு புரதம் நிக்குது, அதோட ஒரு முனை டேங்குக்குள்ள கால்சியத்தைப் புடிச்சிட்டு இருக்கும். கால்சியம் காலியானா அந்தப் பிடி விட்டுப்போகும், ஸ்டிம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கும்பலா வெளிப் படலத்துப் பக்கம் நகரும், அங்க இருக்க ஓராய் 1ங்கற சேனலைப் புடிச்சு இழுத்துத் தொறக்கும். அவ்ளோதான், வெளிய இருக்க பத்தாயிரம் மடங்கு கால்சியம் உள்ள வர ஆரம்பிக்கும்.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிடறேன். ஓராய் சேனல் அவசரப்படாது. பொட்டாசியம் சேனல் மாதிரி கோடிக்கணக்குல விடாது, சொட்டு சொட்டா விடும், ஒத்தச் சேனல்ல ஓடுற கரன்ட்டை நேரடியா அளக்க முடியாத அளவு கம்மி. ஆனா கால்சியத்தைத் தவிர வேற ஒண்ணையும் விடாத கறார் பேர்வழி.

இந்தக் கரன்ட்டை 1980களோட கடைசியிலயும் 90களோட ஆரம்பத்துலயுமே அளந்துட்டாங்க, ஆனா எந்தப் புரதம் வழியா ஓடுதுன்னு தெரியாமயே பதினஞ்சு வருஷம் போச்சு. ஸ்டிம் 2005ல மாட்டுச்சு, ஓராய் 2006ல. ஓராய்னு பேரு வச்சது கிரேக்கப் புராணத்துல சொர்க்கத்து வாசலைக் காவல் காக்குறவங்க பேர்ல இருந்து. இந்தக் கதவு மாட்டுனதுல ஒரு குடும்பத்து குழந்தைங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. பொறந்த சில மாசத்துலயே நோய்த்தொற்று மேல நோய்த்தொற்று, காளான், வைரஸ் எல்லாம். எதிர்ப்பு சக்தியே இல்லாத மாதிரி. ஆனா ரத்தத்துல லிம்போசைட்டை எண்ணிப் பாத்தா எண்ணிக்கை சரியா இருந்துச்சு.

லேப்ல வேலை செய்யற எனக்கு இதைப் படிச்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க. தினமும் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணுற டெஸ்ட்) போட்டு லிம்போசைட்டு 30 சதவீதம், நார்மல்னு கையெழுத்துப் போட அனுப்புறோம். அந்தக் குழந்தையோட ரிப்போர்ட் என் கையில வந்திருந்தாலும் அந்த வரியில நார்மல்னுதான் போயிருக்கும். ஆளு இருக்காங்க, கதவு தட்டுற சத்தமும் கேக்குது, டேங்கும் காலியாகுது, வெளிக்கதவு மட்டும் தொறக்கல. காரணம் ஓராய் புரதத்துல 91வது இடத்துல இருக்க ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப் போயிருந்தது. அந்தக் குழந்தைங்களுக்கு தசை பலவீனமும் இருக்கும், பல் எனாமல் சரியா உருவாகாது, வேர்க்கவே வேர்க்காது. வேர்வை சுரப்பிக்கும் இதே கதவுதான் போல. ஸ்டெம் செல் மாத்து சிகிச்சை பண்ணா எதிர்ப்பு சக்தி திரும்பும், ஏன்னா ரத்த செல்லு புதுசு, ஆனா தசையும் வேர்வையும் பழைய செல்லுதானே, அது அப்படியேதான் இருக்கும். சித்திரை வெயில்ல சேலத்துல வேர்க்காம ஒரு குழந்தை எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

சரி, கால்சியம் உள்ள வந்து என்ன பண்ணுது? கால்சினியூரின்னு ஒரு என்சைமை எழுப்பி விடும். அது என்ஃபேட்ங்கற புரதத்து மேல ஒட்டியிருக்க பாஸ்பேட்டை எல்லாம் பிச்சு எறியும், பிச்சதும் என்ஃபேட் நியூக்ளியஸுக்குள்ள போய் இன்டர்லூகின்-2 மாதிரி ஜீனையெல்லாம் ஆன் பண்ணும், டி செல் பெருக ஆரம்பிக்கும். இதுல நேரம்தான் முக்கியம். நியூக்ளியஸுக்குள்ள வேற என்சைம்கள் பாஸ்பேட்டை மறுபடி ஒட்டிட்டே இருக்கும், ஒட்டுனா என்ஃபேட் வெளிய வந்துடணும். அதனால கால்சியம் எறங்குன சில நிமிஷத்துலயே என்ஃபேட் எந்திரிச்சு வெளிய வந்துடும், வேலை பாதியில நிக்கும். கதவு எவ்ளோ நேரம் தொறந்திருக்குங்கறதுதான் டி செல்லோட முடிவு. தெரியாம ஒரு தடவ தட்டிட்டுப் போனா சண்டை கிடையாது, நின்னு தட்டுனாத்தான்.

எங்க சித்தி பொண்ணோட குழந்தைக்கு முழங்கை மடிப்புல எக்ஸிமா. டாக்டர் டாக்ரோலிமஸ் 0.03 ஆயின்ட்மென்ட் எழுதியிருந்தார். இவ அந்த டப்பாவுக்குள்ள இருந்த பேப்பரைப் படிச்சுட்டு, "அக்கா, கிட்னி மாத்துனவங்களுக்குக் குடுக்குற மருந்தாம்க்கா இது, தோலுக்குப் போய் எழுதியிருக்காரு"ன்னு ராத்திரி பத்து மணிக்கு போன். அவ சொன்னதும் உண்மைதான், அதே மருந்துதான். மாத்துன கிட்னிய டி செல் தாக்கிடக் கூடாதுன்னு மாத்திரையா குடுப்பாங்க, எக்ஸிமாவுல தோலுல உக்காந்து தொல்லை பண்ற டி செல்லை அடக்க அந்த இடத்துல மட்டும் தடவுவாங்க. அது அடைக்கிறது கால்சினியூரினை. அதாவது கதவு தொறந்திருக்கும், கால்சியமும் வரும், ஆனா வந்த சேதியை எடுத்துட்டுப் போற ஆளைக் கட்டிப் போட்டாச்சு. சைக்ளோஸ்போரினும் அதே இடத்துலதான் வேலை செய்யுது. ரெண்டுமே மண்ணுல இருந்து வந்தது, சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணுல இருந்த ஒரு பூஞ்சையில, டாக்ரோலிமஸ் 1984ல ஜப்பான்ல சுகுபா பக்கத்து மண்ணுல இருந்த பாக்டீரியாவுல. முதல் சில நாள் தடவுன இடம் எரியும்னு டாக்டர் சொல்லியிருந்தாராம், எரிஞ்சுது, நின்னுடுச்சு.

இப்ப பொட்டாசியத்துக்கு வருவோம், சொல்றேன்னு விட்டுட்டு வந்தேன் இல்ல.

வாய் குறுகலான கேன்ல ட்யூபைச் சொருகி தண்ணி புடிச்சிருக்கீங்களா? ட்யூப் வாயை இறுக்கமா அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ள போகவே போகாது, பீச்சி மூஞ்சியில அடிக்கும். ட்யூபை லேசா சாய்ச்சு காத்து வெளிய போக ஒரு சந்து விட்டாத்தான் தண்ணி எறங்கும். கால்சியத்துக்கும் இதே பிரச்சனை. ஒவ்வொரு கால்சியமும் ரெண்டு பிளஸ் சுமையோட உள்ள வருது. உள்ள பிளஸ் சேரச் சேர அடுத்து வர்ற பிளஸ்ஸை அதுவே தள்ளி விடும். கொஞ்ச நேரத்துல கதவு தொறந்திருந்தும் உள்ள வர்றது கொறஞ்சிடும். அதுக்குத்தான் பொட்டாசியம் சேனல். உள்ள 140 இருக்கு வெளிய 4, தொறந்தா பொட்டாசியம் வெளிய ஓடும், போகும்போது ஒரு பிளஸ்ஸை எடுத்துட்டுப் போகும், உள்ள மறுபடி மைனஸ், கால்சியம் தொடர்ந்து வரும். காத்து போற சந்து. கேவி 1.3 உள்ள பிளஸ் ஏறுறதை உணர்ந்து தொறக்கும், கேசிஏ 3.1ன்னு இன்னொண்ணு இருக்கு அது கால்சியம் ஏறுறதை உணர்ந்து தொறக்கும்.

சும்மா இருக்க ஒரு டி செல்லுல கேவி 1.3 சில நூறுதான் இருக்கும். ஆனா திரும்பத் திரும்ப தூண்டப்பட்டு பழகுன ஒரு வகை மெமரி டி செல் இருக்கு, சோரியாசிஸ், முடக்குவாதம், டைப் 1 சுகர் மாதிரி சொந்த உடம்பையே தாக்குற நோய்ல மாட்டுறது பெரும்பாலும் இந்த வகைதான், அதுல கேவி 1.3 பல மடங்கு ஏறியிருக்கும். மத்த டி செல்லுங்க கேசிஏவை வச்சு சமாளிச்சுக்கும். அப்ப கேவி 1.3ஐ மட்டும் அடைச்சா? சண்டைக்காரனுக்கு மட்டும் மூச்சு முட்டும், ஊர்ல மத்தவங்க பாட்டுக்கு இருப்பாங்க. டாக்ரோலிமஸ் மாதிரி எல்லாரையும் அடக்க வேண்டியதில்ல. கேக்க ரொம்ப அழகா இருக்கு, ஆனா அடைப்பான் எங்க கிடைக்கும்?

தேள் விஷத்துல. நெசமா. பொட்டாசியம் சேனலை அடைக்கிற சின்னச் சின்ன புரதங்களைத் தேளு கோடிக்கணக்கான வருஷமா செஞ்சிட்டு வருது. அமெரிக்கக் கண்டத்துத் தேள் ஒண்ணோட மார்கடாக்சின் கேவி 1.3 வாய்ல தக்கை மாதிரி போய் உக்காரும். கரீபியன் கடல்ல இருக்க ஒரு கடல் சாமந்தியோட (பூ இல்ல, பூ மாதிரி இருக்க ஒரு கடல் பிராணி) விஷத்துல இன்னொரு அடைப்பான் கெடச்சுது, அதைக் கொஞ்சம் மாத்தி டலாசடைடுன்னு செஞ்சு சோரியாசிஸ் இருக்க சில பேருக்கு குடுத்துப் பாத்திருக்காங்க. இன்னும் மருந்துக்கடைக்கு வரல.

நம்ம ஊரு செந்தேளுக்கும் இதுல ஒரு இடம் இருக்கு. எங்க அம்மாச்சி வீடு ஏற்காடு அடிவாரத்துல குப்பனூர் பக்கம், விறகு அடுக்குல கை விடறதுக்கு முன்னாடி குச்சியால ரெண்டு தட்டு தட்டணும்ங்கறது அங்க சட்டம். செந்தேளோட அறிவியல் பேருல 'தமுலஸ்'னு வரும், தமிழைத்தான் சொல்றாங்க, 1798ல வச்ச பேரு. அதோட விஷத்துல எடுத்த ஐபீரியோடாக்சினை உலகம் முழுக்க லேப்ல பிகே சேனலை அடைக்கப் பயன்படுத்துறாங்க, அது வேற ஒரு பொட்டாசியம் சேனல். ஆனா இதைப் படிச்சுட்டு தேள் கடிச்சா எதிர்ப்பு சக்திக்கு நல்லதுன்னு யாராவது வாட்ஸப்ல கெளப்பி விட்டுடாதீங்க. அதே விஷத்துல சோடியம் சேனலை மூட விடாம புடிச்சுக்கற நச்சும் இருக்கு, குப்புன்னு வேர்த்து, கை கால் சில்லிட்டு, நுரையீரல்ல நீர் கோத்து உயிரே போகும், குழந்தைங்கன்னா இன்னும் ஆபத்து. மந்திரிக்கப் போகாம நேரா ஜிஹெச் போங்க. பிரசோசின்னு ஒரு பிளட் பிரஷர் மாத்திரை இதுக்குக் கேக்கும்னு மகாராஷ்டிராவுல மகாட்ங்கற சின்ன ஊர்ல இருந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் காட்டுனதாலதான் எத்தனையோ பேர் பொழைச்சாங்க.

டி செல்லை விட்டா மத்த செல்லுங்களும் இருக்கு. நியூட்ரோபில்னு ஒரு வெள்ளணு பாக்டீரியாவை முழுங்குனதும் எலக்ட்ரானை அது மேல பீய்ச்சி விஷமாக்கும். எலக்ட்ரான் மைனஸ், அது போகப் போக செல்லுக்குள்ள பிளஸ் தேங்கும், மறுபடி கேன் கதைதான். இங்க சந்து விடறது புரோட்டான் சேனல், எச்வி 1ன்னு பேரு. அலர்ஜியைக் கெளப்புற மாஸ்ட் செல்லுலயும் ஓராய்தான், கால்சியம் ஏறுனா ஹிஸ்டமின் பையைக் கொட்டிடும், தடிப்பு தடிப்பா அரிக்கும்.

கிருமியையும் குப்பையையும் முழுங்குற மேக்ரோபேஜ்ங்கற செல்லோட கதைதான் எனக்குப் புடிச்சது, ஏன்னா அங்க பொட்டாசியத்தோட அர்த்தமே மாறிடும். எங்க பெரியப்பாவுக்கு யூரிக் ஆசிட். ஒரு கெடா வெட்டுக்குப் போய்ட்டு வந்தார்னா ரெண்டாவது நாள் நடுராத்திரி கால் கட்டைவிரல் செவந்து வீங்கி, போர்வை பட்டாக்கூட கத்துவார். மூட்டுல படிஞ்ச யூரிக் ஆசிட் படிகத்தை மேக்ரோபேஜ் முழுங்கப் பாக்கும், ஊசி மாதிரி இருக்கறது முழுங்க முடியாது, செல்லு அடிபடும், பொட்டாசியம் வெளிய ஓடும். உள்ள என்எல்ஆர்பி 3ன்னு ஒரு காவக்காரன் இருக்கான். பொட்டாசியம் கொறஞ்சா அவனுக்கு ஒரே அர்த்தம்தான், வீட்டுச் சுவர் ஓட்டையாயிடுச்சு. உடனே இன்டர்லூகின்-1 பீட்டாவை வெளிய விட்டு ஊரையே கூப்புடுவான், வீக்கம், செவப்பு, வலி. பக்கத்து செல்லு செத்து அதோட எரிபொருளான ஏடிபி வெளிய சிந்துனாலும் இதே மேக்ரோபேஜ் பி2எக்ஸ்7ங்கற சேனல் வழியா மோப்பம் புடிச்சுக்கும், அதைத் தொறந்தாலும் பொட்டாசியம் ஓடும், அதே மணி அடிக்கும். டி செல்லுல பொட்டாசியம் வெளிய போனா "வேலை நடக்கட்டும்"னு அர்த்தம், மேக்ரோபேஜ்ல போனா "தீப்புடிச்சிருச்சு". அதே அயன்தான்.

கேன்சர் கட்டியில இன்னும் ஒரு படி மேல. கட்டிக்கு நடுவுல செத்துப் போற செல்லுல இருந்து பொட்டாசியம் சுத்தி இருக்க நீர்ல சிந்தும், பாட்டியோட ட்யூப்ல ஆன மாதிரி. அந்தப் பொட்டாசியம் ஊறுன எடத்துக்குள்ள வர்ற டி செல் மந்தமாயிடும்னு 2016ல காட்டுனாங்க.

இதைச் சொன்னா எல்லாரும் கேக்குற அடுத்த கேள்வி, அப்ப கால்சியம் மாத்திரை போட்டா எதிர்ப்பு சக்தி ஏறுமா, வாழைப்பழம் நெறைய சாப்ட்டா அதுல இருக்க பொட்டாசியத்தால ஏறுமா. ஏறாதுங்க. ரத்தத்துல கால்சியம் எவ்ளோ இருக்கணும்ங்கறதை பாராதைராய்டு சுரப்பி புடிச்ச புடியில வச்சிருக்கு, கொஞ்சம் எறங்குனா எலும்புல இருந்து எடுத்துப் போட்டுடும். வெளிய ஏற்கனவே பத்தாயிரம் மடங்கு நிக்குது. மேட்டூர் டேம் 120 அடி நெறஞ்சிருக்கும்போது நீங்க ஒரு குடம் ஊத்துனா என் வீட்டுக் குழாய்ல வேகமாவா வரும், வால்வு தொறக்கணும். எலும்புக்காக டாக்டர் எழுதுன மாத்திரைய நிறுத்திடாதீங்க, அது வேற கணக்கு.

வெளிய கால்சியமே இல்லாம பண்ணா மட்டும் கதை மாறும், அதை நாங்க தினமும் பண்றோம். சிபிசிக்கு எடுக்குற ஊதா மூடி ட்யூப்ல இடிடிஏ இருக்கு, அது ரத்தத்துல இருக்க கால்சியத்தை எல்லாம் கவ்விக்கும், அதனாலதான் ரத்தம் உறையாது. அந்த இடிடிஏ பொட்டாசியம் உப்பாத்தான் இருக்கும், அதனால ஊதா ட்யூப்ல ஊத்துன ரத்தத்தை சிவப்பு ட்யூப்ல மாத்தி ஊத்துனா பொட்டாசியம் வானத்துக்கு ஏறி கால்சியம் பாதாளத்துக்குப் போகும், புதுசா வர்ற பசங்க ஒரு தடவையாவது பண்ணுவாங்க. ஊதா ட்யூப்ல டி செல்லை எண்ணலாம், ஆனா அது வேலை செய்யுதான்னு பாக்க முடியாது. கதவு தொறந்தாலும் வெளிய ஒண்ணும் இல்லையே.

அதனாலதான் டிபி கோல்டு டெஸ்ட்டுக்கு, அதாவது டிபி கிருமி உடம்புல நுழைஞ்சிருக்கான்னு பாக்குற ரத்த டெஸ்ட்டுக்கு, ஹெப்பாரின் ட்யூப். ஹெப்பாரின் ரத்தம் உறையறதைத் தடுக்கும், கால்சியத்தைத் தொடாது. நாலு ட்யூப்ல எடுக்கணும், ரெண்டுல டிபி கிருமியோட புரதத் துண்டுங்க இருக்கும், ஒண்ணு வெறும் ட்யூப், ஒண்ணுல மைட்டோஜென்னு எந்த டி செல்லையும் தட்டி எழுப்பிடுற சரக்கு. 37 டிகிரியில 16ல இருந்து 24 மணி நேரம் வச்சு, டி செல் இன்டர்ஃபெரான் காமாங்கற சிக்னல் புரதத்தை விட்டுச்சான்னு அளப்போம். டிபி கிருமியை முன்னாடியே பாத்த டி செல்லா இருந்தா தட்டுனதும் கதவு தொறந்து அத்தனை நேரமும் கால்சியம் ஓடி வேலை நடந்திருக்கும். மைட்டோஜென் ட்யூப்லயே ஒண்ணும் வரலைன்னா அந்த ரிசல்ட்டை நம்ப மாட்டோம், ஒண்ணு டி செல் சரியில்ல, இல்ல நாங்க சரியா கொண்டு வரல.

போன மாசம் ஏற்காட்டுக்கு புதுப் பையன் போறான், டிபி கோல்டு ஒண்ணு இருக்குன்னு போன் வந்துச்சு. நாலு ட்யூபையும் குடுத்துட்டு, வண்டியில இருந்த ஐஸ் பாக்ஸை எடுத்து எறக்கி வச்சேன். "அக்கா, வெயிலு"ன்னான். சட்டைப் பாக்கெட்டுல வேணா போட்டுட்டு வா, ஐஸ்ல மட்டும் வைக்காதன்னேன்.